ரெக்கார்டிங் சென்டரும் கலைஞனின் பங்கும்

ஓசியில் பாட்டு கேட்பது இன்டர்நெட் வந்து கற்றுக்கொடுத்த பழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள. எங்க பக்கம் கதை வேறங்க. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் டவுன்லோடு என்ற வார்த்தை வருவதற்கு முன்னாடியே அதுக்குன்னு கடை இருந்தது, போர்டு இருந்தது, ரேட்டும் இருந்தது.

எண்பதுகளில் அதற்குப் பெயர் ரெக்கார்டிங் சென்டர். கடைக்காரரிடம் எல்பி ரெக்கார்டுகளும் ஒரிஜினல் கேசட்டுகளும் இருக்கும். பாட்டு லிஸ்ட்டை ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துட்டு வரணும். 90 நிமிஷ கேசட் என்றால் ஏறக்குறைய 18 பாட்டு. சொன்ன நாளில் போனால் அட்டையில் படப் பெயரெல்லாம் எழுதி ரெடியா இருக்கும். டவுன் பஸ்ஸில் ஓடினதும் டீக்கடையில் பாடினதும் பெரும்பாலும் இந்தக் கேசட்தான்.

அப்புறம் எம்பி3 சிடி வந்தது. 700 எம்பி-யில் 150 பாட்டு. அதுக்கப்புறம் செல்போன் கடை வாசலில் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற போர்டு. 2 ஜிபி கார்டில் 400 பாட்டு.

இதில் எதுவுமே உண்மையில் ஓசி இல்லை, கவனிச்சுப் பாருங்க. கடைக்காரருக்குக் காசு கொடுத்தோம். காலி கேசட் கம்பெனிக்கும் கார்டு கம்பெனிக்கும் கொடுத்தோம். மெட்டுப் போட்டவர், எழுதினவர், பாடினவர், இந்த மூணு பேருக்கு மட்டும்தான் கொடுக்கலை.

ஏன்னு கேட்டா ஒரு ரெடிமேட் பதில் உண்டு. "ஒரிஜினல் வாங்கினா மட்டும் அவங்களுக்கா போகுது? எல்லாம் புரொட்யூசரும் ஆடியோ கம்பெனியும்தானே சாப்பிடுறாங்க." இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. சட்டமே ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது.

1969-ல் இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களுக்காக ஐபிஆர்எஸ் என்ற சங்கம் தொடங்கியது. சினிமாப் பாட்டு ஒலிக்கிற இடங்களில் ராயல்டி கேட்டது. படத் தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1977-ல் தீர்ப்பு வந்தது. காசு கொடுத்து படத்துக்காகப் போட வைத்த பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான் என்றது கோர்ட். அதாவது சம்பளம் வாங்கியாச்சு, கதை முடிஞ்சது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், பாடுகிறவருக்கு நம்ம சட்டத்தில் இடமே இல்லையே என்று தனியாகக் குறிப்பு எழுதினார். எழுதி வைத்த ஸ்வரக் குறிப்புக்கு உரிமை உண்டு, உயிரைக் கொடுத்துப் பாடின குரலுக்குக் கிடையாது. இதுதான் அன்றைய நிலை.

1994 திருத்தத்தில் பாடகர்களுக்கு உரிமை வந்தது. ஆனால் சினிமாவுக்குப் பாட ஒத்துக்கொண்டால் அது போய்விடும்! 2012-ல்தான் நிலைமை மாறியது. தியேட்டரில் படம் ஓடுவது தவிர மற்ற வழிகளில் பாட்டு பயன்பட்டால், ராயல்டியில் எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் சம பங்கு. அதை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. மாநிலங்களவையில் இருந்த ஜாவேத் அக்தர் இதற்காக ரொம்பப் போராடினார். அடுத்த வருஷமே ராயல்டி வசூலிக்கப் பாடகர்களும் தனிச் சங்கம் வைத்தார்கள்.

வேற வழி இருந்ததா? ஜெர்மனியில் இதே பிரச்சினை நமக்கு முன்னாடியே வந்தது. வீட்டுக்குள் புகுந்து யார் எதை ரெக்கார்டு செய்கிறார்கள் என்று பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அதனால் 1965 சட்டத்தில், டேப் ரெக்கார்டர் விற்பனையிலேயே கலைஞர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கினார்கள். 1985-ல் காலி கேசட்டுக்கும் அது வந்தது. காப்பி எடுக்கிறவனைத் திருடன் என்று சொல்லவில்லை, கூலியை மட்டும் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தார்கள். நம்ம ஊர் ரெக்கார்டிங் சென்டரில் விற்ற ஒவ்வொரு காலி கேசட்டிலும் ஒரு சின்னத் தொகை அப்படிப் போயிருந்தால்? அந்த யோசனை இங்கே சட்டமாகவே இல்லை.

இப்ப 2017 மார்ச்சுக்கு வருவோம். அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி-க்கு, அனுமதி இல்லாமல் தன் பாட்டுகளைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. மேடைக் கச்சேரியும் டவுன்லோடும் ஒன்றில்லைதான். ஆனால் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: மெட்டுப் போட்டவர் தன் பங்கைக் கேட்கலாமா? அன்றைக்கு டீக்கடைப் பேச்சைக் கேட்டிருக்கணும். "இத்தனை வருஷம் சம்பாதிச்சது பத்தலையா?" இத்தனை நாள் "இசையமைப்பாளருக்குப் போகலையே" என்று வருத்தப்பட்ட அதே வாய்கள்!

அங்கேதான் எனக்கு உறைத்தது. கலைஞனுக்குக் காசு போகவில்லை என்பது 1977-லிருந்து 2012 வரை பெரும்பாலும் உண்மை. ஆனால் நாம் காசு கொடுக்காததற்கு அது காரணம் இல்லை. காரணம் என்றால், அவர் கேட்டபோது கை தட்டியிருப்போம்.

திண்டிவனம் ரெக்கார்டிங் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரேடியோ எப்போ போடுமோ என்று காத்திருந்த பாட்டை அவர்தான் எங்க ஊர் வீடுகளுக்குள் கொண்டுவந்தார். அவர் உழைப்புக்கு அவருக்குக் கூலி கிடைத்தது, நியாயம். அந்த நியாயம் பாட்டை உண்டாக்கினவருக்கும் உண்டுதானே? சட்டம் 35 வருஷம் லேட்டாக அதை ஒத்துக்கொண்டது. நாம இன்னும் எவ்வளவு லேட் பண்ணப் போறோம், சொல்லுங்க.