இருளுக்கு ஒரு கையிருப்பு

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் எதை நம்பி நீருக்குள் இறங்கினார்கள் தெரியுமா? படகில் கயிற்றைப் பிடித்திருந்த துணைவனையும், தம் நுரையீரலில் நிரப்பிக்கொண்ட ஒரு மூச்சுக் காற்றையும்தான். அந்தக் காற்று ஒரு நிமிடமோ, சற்றுக் கூடுதலாகவோ தாங்கும். கடலடியில் காற்றைத் தேட முடியாது. இறங்குமுன்பே சேர்த்துக்கொள்ள வேண்டும். புயல், வெள்ளக் காலத்தில் மின்சாரத்தின் கதையும் இதுவே.

துறைமுகம் கற்ற பாடம்

துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். பகலில் கம்பத்தில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகள் தொங்கும். இரவில் அதே செய்தியைச் சிவப்பு, வெள்ளை விளக்குகள் கூறும். ஒரு வழி பயன்படாத வேளைக்கு இன்னொரு வழி! கடலில் செல்லும் மாலுமிக்குச் செய்த இந்த ஏற்பாட்டை, கரையில் சிறு வீட்டில் தனித்து வாழும் ஏழை முதியவருக்குச் செய்தோமா?

மின் நிலையம் இருந்தும் இருள்

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. 1992க்குள் தலா 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகள் அமைந்தன. மொத்தம் 1,050 மெகாவாட். இவ்வளவு மின்சாரம் பிறக்கும் ஊரில் இருளுக்கு இடமேது என்று தோன்றும் அல்லவா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை இதற்கு விடை கூறியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டில் இப்பகுதியில் பெய்யும் மழையைவிட இது அதிகம்! தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஒரு ரயிலும் நூற்றுக்கணக்கான பயணிகளும் சிக்கிக்கொண்டனர். பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் நாள்கணக்கில் இல்லை.

காரணம் என்ன? மின்சாரம் நிலையத்திலிருந்து நேரே நம் வீட்டுக்கு வருவதில்லை. துணை மின் நிலையம், மின்மாற்றி, கம்பம், கம்பி எனப் பல கண்ணிகளைக் கடந்து வருகிறது. ஒரு கண்ணி அறுந்தாலும் விளக்கு அணையும். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. கம்பங்கள் சாயாவிட்டாலும், தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து உயிரைப் பறிக்காதிருக்க, மின்னோட்டத்தை நிறுத்தியே ஆகவேண்டும்.

யாருக்கு ஆபத்து?

இளைஞருக்கு இருள் ஒரு தொல்லை. முதியவருக்கு அது உயிராபத்து. வயது ஏற ஏற, புழுக்கத்தைத் தாங்கும் ஆற்றல் உடலில் குறைகிறது. ஆக்சிஜன் கருவி நின்றால் மூச்சு முட்டும். மோட்டார் ஓடாவிட்டால் குடிநீர் ஏறாது. மின்தூக்கி நின்றால் மேல்மாடியே சிறையாகிவிடும்.

2017 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை இர்மா புயல் தாக்கியது. ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் குளிரூட்டும் கருவி நின்றுபோனது. புழுக்கத்தால் 12 முதியோர் இறந்தனர். அந்த இல்லத்துக்கு எதிரிலேயே மின்சாரத்துடன் ஒரு மருத்துவமனை இயங்கிக்கொண்டிருந்தது! 2018இல், இத்தகைய இல்லங்களில் மாற்று மின் ஏற்பாடு கட்டாயம் என அங்கே சட்டம் வந்தது. ஆனால் குறைந்த வாடகைக் குடியிருப்புகளில் தாமாகவே வாழும் முதியோர் அதன் வரம்புக்குள் வரவில்லை.

சேமக்கலத்தின் கணக்கு

மின்சாரத்தைச் சேர்த்துவைக்க 1859இல் வழி கண்டவர் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே. காரீயத் தகடுகளை நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி அவர் செய்த சேமக்கலத்தின் வழித்தோன்றலே, இன்று பல வீடுகளில் இன்வெர்ட்டருடன் இருக்கும் பேட்டரி.

ஒரு சிறு கணக்குப் போடுவோமா? 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரியில் இருப்பது 12 × 150 = 1,800 வாட்-மணி. அதில் பாதியை, அதாவது 900 வாட்-மணியைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். 60 வாட் குண்டு பல்புகள் நான்கு எரிந்தால் நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கும், கைப்பேசிக்குச் சிறிது மின்சாரமும் என்றால் மொத்தம் 45 வாட். 20 மணி நேரம் கிடைக்கும். 300 வாட் ஆக்சிஜன் கருவிக்கோ மூன்று மணி நேரம்தான்! எனவே எதற்கு முதலிடம் என்பதை மழைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். கருவியை நம்பி வாழ்பவரை முன்கூட்டியே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பேட்டரி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தரையில் வைத்த பேட்டரியை வெள்ளம் முதலில் விழுங்கும். டீசல் ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்கினால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். ஏழை முதியவர் ஒவ்வொருவரும் இவற்றை வாங்க முடியாது. குடியிருப்பு தோறும் வெள்ளம் எட்டாத உயரத்தில் ஒரு பொது அறை, அதன் கூரையில் சூரிய மின் தகடு, உள்ளே சேமக்கலம், சில விளக்குகள், விசிறிகள், இன்சுலின் வைக்க ஒரு சிறு குளிர்பெட்டி ஆகியவை போதும். இதை அமைப்பது அரசின், உள்ளாட்சியின் கடமை.

நமக்கும் ஒரு கடமை உண்டு. மூச்சு அடக்கத் தெரிந்த முத்துக்குளிப்பவருக்கும் மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. உங்கள் தெருவில் தனித்திருக்கும் பாட்டி யார், தாத்தா யார், அவர்களுக்கு எந்த மருந்து, எந்தக் கருவி தேவை? அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு தாளில் எழுதிவையுங்கள்.