சிறு சொல்லும் ஓர் அரசனின் வீழ்ச்சியும்



ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில், ஓர் ஆங்கில அறிவிப்பைத் தமிழாக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. அதில் 'டிஸ்பென்ஸ் வித்' என்ற தொடர் இருந்தது. 'டிஸ்பென்ஸ்' என்றால் வழங்குதல். மருந்து வழங்குமிடம் டிஸ்பென்சரி. ஆகவே, 'சம்பிரதாய உரைகளை வழங்குவோம்' என்று எழுதினேன். மூலம் கூறியதோ, 'சம்பிரதாய உரைகளைத் தவிர்ப்போம்' என்பதாகும். விரிவுரையாளர் சிரித்தார், நான் நாணினேன்.

'வித்' என்னும் சிறு சொல் பொருளைத் தலைகீழாக்கியது எங்ஙனம்? அதற்கொரு வரலாறு உண்டு.

இலத்தீனில் அதன் மூலச்சொல் எடைபோட்டுப் பகிர்ந்தளித்தலைக் குறித்தது. இடைக்காலத் திருச்சபையின் சட்டமொழியில், ஒருவருக்குச் சட்டத்தின் கட்டிலிருந்து விலக்களித்தலையும் அது குறிக்கலாயிற்று. அப்பொருளில் அதனோடு 'கும்' என்ற சொல் சேர்ந்து வந்தது. 'உடன்' எனப் பொருள்படும் அச்சொல்லே ஆங்கிலத்தில் 'வித்' ஆயிற்று.

இங்கிலாந்து மன்னர்களும் இவ்வதிகாரத்தைக் கையாண்டனர். அரசுப் பதவி வகிப்போர் ஆங்கிலத் திருச்சபை முறைப்படி நற்கருணை பெற்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று 1673ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கத்தோலிக்கரான சர் எட்வர்ட் ஹேல்ஸ் அவற்றை நிறைவேற்றாமலே படைப்பதவி வகித்தார். மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அவருக்கு விலக்களித்திருந்தார். ஹேல்ஸின் வண்டியோட்டியே அவர்மீது வழக்குத் தொடுத்தார். மன்னரின் அதிகாரத்தை நீதிமன்றத்தின் வாயால் உறுதிசெய்வதற்காக முன்கூட்டியே பேசிவைத்த வழக்கு அது. 1686இல் 12 நீதிபதிகளுள் 11 பேர் மன்னருக்குச் சார்பாக நின்றனர்.

நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை மன்னர் வேண்டியவருக்கெல்லாம் தளர்த்தலாம் எனில், சட்டத்திற்கு என்ன மதிப்பு? இக்கேள்வி நாட்டைக் கொந்தளிக்கச் செய்த காரணங்களுள் ஒன்று. 1688இல் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடினார். அண்மைக் காலத்தில் கையாளப்பட்ட விதத்திலான அவ்வதிகாரம் சட்டத்திற்குப் புறம்பானது என 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் அறிவித்தது.

இன்று அத்தொடருக்கு 'தேவையில்லையென விட்டுவிடுதல்' என்பதே பெருவழக்கு. ஆயினும் அதிகாரத்தின் வாடை முற்றாக அகலவில்லை. கூட்டத் தலைவர் சம்பிரதாயங்களை 'டிஸ்பென்ஸ் வித்' செய்யலாம். வீட்டுப்பாடம் செய்யாத மாணவன் அத்தொடரைக் கூறினால் நகைப்பே மிஞ்சும்!

தமிழில் 'விலக்கு அளித்தல்' என்கிறோம். விலக்குவதும் உண்டு, அளிப்பதும் உண்டு. அன்று இது தெரிந்திருந்தால், நான் அவ்வளவு நாணியிருக்க வேண்டியதில்லை.