தயிர்முட்டி ஊரில் சீஸ் கட்டி

திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் நெருங்கினால் தம்பிலுவில் வீடுகளுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். லண்டன் பிள்ளைகள் சொக்லேட் கொண்டுவருவார்கள். சுவிஸ் பிள்ளைகள் சொக்லேட்டோடு சீஸும் கொண்டுவருவார்கள். செங்கல் போல இறுகிய, இரண்டு மூன்று கிலோ கட்டி. மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், "டீச்சர், இதப் பழுதாகாம எப்படி வைக்கிற?" என்ற கேள்வி என்னிடம்தான் வரும். வைக்கிற முறையைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பட்டி பட்டியாக எருமை நின்ற ஊரில் இந்தப் பண்டம் ஏன் உருவாகவே இல்லை என்பதற்குத்தான் நீண்ட கதை உண்டு.

எங்களுக்குக் கிழக்கே கடல். மேற்கே வயல், சாகாமம் குளம், அதற்கும் அப்பால் காடும் வட்டமடு மேய்ச்சல் தரையும். மாரிப் போகத்துக்கு விதைப்புத் தொடங்கினால் பட்டிக்காரர் மாடுகளை மேற்கே சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். வெட்டு முடிந்த பிறகுதான் அவை வயலுக்குத் திரும்பும். அவ்வளவு தூரத்தில் கறந்த பாலைப் பாலாகவே ஊருக்குக் கொண்டுவர அந்தக் காலத்தில் வழி இல்லை. வெயில் ஏறினால் திரைந்துவிடும். ஆகவே காய்ச்சி, உறை விட்டு, முட்டியிலே தயிராக்கிக் கொண்டுவந்தார்கள். எருமைப் பாலில் நூற்றுக்கு ஏழு பங்களவில் கொழுப்பு இருக்கிறது. சுட்ட மண் முட்டி தயிரின் நீரை உறிஞ்சி வெளியே ஆவியாக விடுகிறது. தயிரும் இறுகுகிறது, முட்டியும் குளிர்கிறது. மட்டக்களப்புத் தயிரைக் கரண்டியால் வெட்டி எடுக்க முடிவது இதனால்தான்.

மிஞ்சியதைக் கடைந்து வெண்ணெய் எடுத்து நெய்யாக உருக்கினார்கள். நீர் முழுவதும் வற்றிப்போவதால் கிருமி வளர நெய்யில் இடம் இல்லை. என் பெத்தா நெய்ப் போத்தலுக்குள் ஈரக் கரண்டி போனால் வீட்டையே இரண்டாக்கிவிடுவா. படிக்காத அவ சொன்னதைத்தான் நான் பிறகு கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தேன்.

கடின சீஸ் செய்ய வேறு இரண்டு தேவை. ஒன்று, பாலைத் திரைய வைக்கிற நொதியம். பழைய ஐரோப்பிய முறையில் அதைப் பால்குடிக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். எங்கள் எருமையோ கன்று முட்டினால்தான் பால் சுரக்கும். கன்றை இழந்தால் பாலையும் இழக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கு தமிழ்ப் பட்டிக்காரருக்கும் ஒன்றுதான், முஸ்லிம் பட்டிக்காரருக்கும் ஒன்றுதான். மற்றது, மாதக்கணக்காகப் 10 முதல் 15 பாகை வரை குளிர்ந்து கிடக்கிற நிலவறை. எங்கள் கரையில் மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பாற்கொழுப்பு தானாகவே உருகும். இங்கே சீஸைப் பழுக்க வைத்தால் ஒரு பக்கம் எண்ணெய் வடியும், மறுபக்கம் பூஞ்சணம் பிடிக்கும்.

சீஸ் எங்கள் பக்கம் முதலில் கடல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அவர்களின் கம்பனிக் கப்பல்களில் மாலுமிகளுக்கான சாப்பாட்டுச் சாமான்களில் சீஸும் இருந்தது. உப்பு நீரில் ஊறி இறுகிய ஈடம் உருண்டை நீண்ட பயணத்தைத் தாங்கக்கூடியது. இன்றும் இலங்கைப் பறங்கியர் வீடுகளில் நத்தாருக்குப் புரூடர் கேக்கோடு சிவப்பு மெழுகு பூசிய ஈடம் வைப்பார்கள். ஆனால் அது அந்த மேசையைத் தாண்டி எங்கள் குசினிக்குள் வரவில்லை.

வெப்ப நாட்டில் சீஸ் நிலைக்காது என்பதைச் சுவிஸ்காரரே அறிந்திருந்தார்கள். 1911இல் தூன் நகரில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் எமென்டால் சீஸை ஒரு வகை உப்போடு சேர்த்து உருக்கி, பழுக்கிற வேலையை நிறுத்திக் காட்டினார்கள். சூடான நாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸ்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் 1916இல் தன் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதலாம் உலகப் போரில் அவரது சீஸ் அடைத்த தகரப் பேணிகள் படையினருக்குப் போயின.

அந்தப் பேணியை எங்கள் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் 1970களின் பிற்பகுதி தொடக்கம் சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போனவர்கள். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று வீடுகளில் கோடாலித் தைலத்தோடும் நிடோ பால்மாவோடும் நீலக் கிராஃப்ட் பேணியும் வந்திறங்கியது. அக்கரைப்பற்றில் என்னோடு படிப்பித்த ஆசிரியை ஒருவரின் ராத்தா குவைத்திலிருந்து கொண்டுவந்த பேணியை நோன்பு திறக்கிற நேரத்தில்தான் உடைத்தார்கள். பிரிஜ் இல்லாத வீடு. திறந்தால் அன்றைக்கே முடிக்க வேண்டும். ஆகவே அயலுக்கெல்லாம் துண்டு போனது. நானும் அங்கேதான் சீஸை முதலில் ருசி பார்த்தேன்.

இப்போது வீட்டுக்கு வீடு பிரிஜ் நிற்கிறது. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதை மறக்க வேண்டாம். அந்த நாட்களில் பிரிஜ்ஜில் பால் புளித்தது, சீஸ் வியர்த்தது. அலமாரியில் இருந்த நெய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

சுவிஸ் கட்டி வந்தால், ஈரமில்லாத கத்தியால் கால் கிலோத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் எண்ணெய்த்தாளில் சுற்றி, வாய் இறுக்காத பைக்குள் வைத்து, பிரிஜ்ஜின் மரக்கறித் தட்டில் வையுங்கள். கதவுத் தட்டில் வைத்தால் திறக்கத் திறக்கச் சூடேறும். பூஞ்சணம் பிடித்தால், அதைச் சுற்றியும் கீழேயும் ஓர் அங்குலம் விட்டு வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். கடின சீஸுக்கு மட்டுமே இந்தச் சலுகை. மென்மையான சீஸ் என்றால் முழுவதையும் எறியுங்கள். கூடுதலாக இருப்பதைத் துருவி உறைபெட்டியில் போட்டால் சமையலுக்கு உதவும்.

வைக்கிற முறை இவ்வளவுதான். பாலின் கதை வேறு. இந்த நாடு பால்மாவின் பெரும்பகுதியை நியூசிலாந்திலிருந்து வாங்குகிறது. வட்டமடுவில் வயல்காரருக்கும் பட்டிக்காரருக்கும் இடையே பல காலமாக இழுபடுகிற தகராறு தீரவில்லை. இரு பக்கத்தாரையும் ஒன்றாக இருத்தி, எல்லை போட்டு, மேய்ச்சல் தரையை உறுதிப்படுத்த வேண்டியது அதிகாரிகளின் கடமை. பாலைப் பத்திரப்படுத்தும் அறிவு எங்களிடம் எப்போதிருந்தோ இருக்கிறது. முதலில் பால் இருக்க வேண்டும்.