லாங் பீச்சின் இளஞ்சிவப்புக் கட்டடங்கள்

1933 மார்ச் 10, வெள்ளிக்கிழமை, மாலை 5:54. தென் கலிபோர்னியாவின் கடலோர நகரமான லாங் பீச்சில் நிலம் குலுங்கியது. நிலநடுக்கத்தின் அளவு 6.4. இறந்தவர்கள் 115 பேர் என்று சில பதிவுகளும் 120 பேர் என்று வேறு சில பதிவுகளும் சொல்கின்றன. சுற்றுவட்டாரம் முழுவதிலுமாக 70 பள்ளிகள் அழிந்தன. அழிந்தவை, பெருஞ்சேதம் அடைந்தவை, இனி உள்ளே போகக் கூடாது என்று மூடப்பட்டவை எல்லாவற்றையும் சேர்த்தால் கணக்கு 230 பள்ளிக் கட்டடங்களைத் தாண்டும். பிள்ளைகள் அதற்கு முன்பே வீடு திரும்பியிருந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்து நேராக ஏப்ரல் 10க்குத் தாவிவிடும். ஒரே மாதத்தில் கலிபோர்னியா அரசு பள்ளிக் கட்டுமானத்துக்கான ஃபீல்டு சட்டத்தைக் கொண்டுவந்தது, அதன்பின் பள்ளிகள் பத்திரமாயின என்று முடித்துவிடும். அந்தத் தாவலில் விடுபட்டதைத்தான் நான் தேடத் தொடங்கினேன். மரவீடுகள் பல நின்ற ஊரில் பள்ளிகள் மட்டும் ஏன் இப்படிச் சரிந்தன? கட்டும்போதே ஆபத்து யாருக்காவது தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் அந்தச் செய்தி பள்ளி நிர்வாகத்தின் மேசைக்கு ஏன் வந்து சேரவில்லை?

முதலில் மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தேன். 1900இல் லாங் பீச்சில் 2,252 பேர். 1910இல் 17,809 பேர், 1920இல் 55,593 பேர், 1930இல் 1,42,032 பேர். முப்பதே ஆண்டுகளில் அறுபது மடங்குக்கு மேல் பெருகிய ஊர் அது. அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது தனி நிர்வாகம். அதற்குத் தேர்தலில் வென்ற குழு உண்டு, சொந்த வரி வருமானம் உண்டு. கட்டடம் எழுப்பப் பணம் வேண்டுமானால் கடன் பத்திரம் வெளியிட வேண்டும். கலிபோர்னியாவில் அன்று அதற்கு வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஊர் மக்கள் பார்த்துப் பெருமைப்பட்டு வாக்களிக்கும்படியான கட்டடத்தைத்தான் எந்தக் குழுவும் முன்வைத்திருக்கும் என்பது என் ஊகம். அலங்கார வாசல், உயரமான முகப்பு, கனத்த கைப்பிடிச் சுவர் ஆகியவற்றின் பின்னணியில் இந்தக் கணக்கும் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து சான்பார்ன் வரைபடங்கள். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக அமெரிக்க நகரங்களைக் கட்டடம் கட்டடமாக வரைந்த தாள்கள் இவை. ஓர் அங்குலத்துக்கு ஐம்பது அடி என்ற அளவில் ஒவ்வொரு சுவரையும் காட்டுவார்கள். புதுக் கட்டடம் எழுந்தால் பழைய தாளின் மேல் துண்டுக் காகிதத்தை ஒட்டித் திருத்துவார்கள். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் இவற்றில் ஏராளமானவற்றை மின்படிகளாக வைத்திருக்கிறது. இளஞ்சிவப்பு நிறம் என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் என்றால் கல். காப்பீட்டுக்காரருக்கு மஞ்சள் ஆபத்து, இளஞ்சிவப்பு நிம்மதி. நிலநடுக்கத்தைத் தேடுகிறவர் இதே தாளைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். மரச்சட்டக் கட்டடம் குலுங்கும்போது வளைந்துகொடுக்கும். உள்ளே கம்பி இல்லாத செங்கல் சுவருக்கு அந்த நெகிழ்வு கிடையாது.

பள்ளிகளுக்குச் செங்கல் ஏன் என்ற கேள்விக்கும் தீயிலிருந்தே விடை தேடலாம். 1908 மார்ச் 4 அன்று ஒஹையோ மாநிலத்தின் காலின்வுட் ஊரில் ஒரு பள்ளி எரிந்து 172 பிள்ளைகள் இறந்தார்கள். வெளிச்சுவர் செங்கல், உள்ளே படிக்கட்டும் தளமும் மரம். அதன்பிறகு நாடெங்கும் பெற்றோரின் முதல் பயம் தீதான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கலிபோர்னியாவின் நிலத்துக்கு அதற்கு மேலும் ஒரு பயம் தேவைப்பட்டது.

நிலநடுக்கத்துக்குப் பின் எடுத்த புகைப்படங்களில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். பசிபிக் அவென்யூவில் இருந்த ஜான் மியூர் பள்ளி, ஜெஃபர்சன் நடுநிலைப் பள்ளி, பக்கத்து ஊரான காம்ப்டனின் நடுநிலைப் பள்ளி. இப்படிப்பட்ட படங்களில் இடிபாட்டின் அளவைவிடச் செங்கற்களைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். சாந்து நல்லதாக இருந்தால் சுவர் பாளம் பாளமாக விழும். மோசமான சாந்து என்றால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகக் கழன்று, மேலே ஒட்டியது எதுவும் இல்லாமல் குவியும். நம் ஊர்க் கொத்தனார் யாரிடம் அந்தக் குவியலைக் காட்டினாலும் கலவையில் என்ன குறை என்று சொல்லிவிடுவார். அன்றைய பொறியாளர்களின் அறிக்கைகளும் அதையேதான் சொல்கின்றன: வலுவற்ற சாந்து, தளத்தோடு பிணைக்கப்படாத சுவர், பக்கவாட்டு விசையைப் பற்றி நினைத்தே பார்க்காத வடிவமைப்பு. கட்டடத்தில் முதலில் விழுவது மேலே தனியாக நிற்கும் கைப்பிடிச் சுவரும் முகப்பு அலங்காரமும். அவை விழுவது வாசலுக்கு நேரே. அன்று இறந்தவர்களில் பலர் உள்ளே சிக்கியவர்கள் அல்லர், வெளியே ஓடிவந்தபோது மேலிருந்து விழுந்த கல்லில் அடிபட்டவர்கள். மணி அடித்ததும் வரிசையாக வாசலுக்கு ஓடப் பழகிய பிள்ளைகள் அந்த நேரத்தில் பள்ளியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்தப் படங்களைப் பார்த்த பிறகு என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

யாருக்காவது தெரிந்திருந்ததா என்ற கேள்விக்கான விடை பள்ளி ஆவணங்களில் கிடைக்கவில்லை, நிலவியல் இதழ்களில் கிடைத்தது. 1920 ஜூன் 21 அன்று லாங் பீச்சுக்கு வடமேற்கே உள்ள இங்கிள்வுட் ஊரில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. ஸ்டீஃபன் டேபர் என்ற நிலவியலாளர் நேரில் போய் ஆராய்ந்து, அருகில் ஓடும் நிலப்பிளவு ஒன்றே அதற்குக் காரணம் என்று அமெரிக்க நிலநடுக்கவியல் சங்கத்தின் இதழில் அதே ஆண்டு எழுதினார். இன்று அந்தப் பிளவுக்கு நியூபோர்ட்-இங்கிள்வுட் பிளவு என்று பெயர். 1933இல் அசைந்ததும் அதுதான்.

அடுத்த ஆண்டே, 1921 ஜூனில், லாங் பீச்சை ஒட்டிய சிக்னல் ஹில் குன்றில் எண்ணெய் பீறிட்டது. அந்தக் குன்றே இந்தப் பிளவின் அசைவால் மேலெழுந்தது. மடிந்து உயர்ந்த பாறை அடுக்குகளுக்குள்தான் எண்ணெய் சிக்கியிருந்தது. எண்ணெய்க்காக ஆட்கள் வந்தார்கள், ஆட்களோடு பிள்ளைகள் வந்தார்கள், சொத்து மதிப்பு ஏறியது, வரிப்பணம் பெருகியது, பள்ளிகள் எழுந்தன. அப்படி ஊரை வளர்த்த அதே பிளவு பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தப் பள்ளிகளை உலுக்கியது. எண்ணெய் நிறுவனங்களின் நிலவியலாளர்கள் அந்த மண்ணின் அடுக்குகளை அடி அடியாக அறிந்திருந்தார்கள். செங்கல் அடுக்கியவர்களிடம் அந்த அறிவு போய்ச் சேரவில்லை. என் தேடலில் கிடைத்தவற்றுள் என்னை மிகவும் பாதித்தது இதுதான்.

எச்சரிக்கையும் இல்லாமல் போகவில்லை. 1923இல் நில ஆய்வாளர்களான பெய்லி வில்லிஸும் ஹாரி உட்டும் சேர்ந்து கலிபோர்னியாவின் நிலப்பிளவு வரைபடத்தை வெளியிட்டார்கள். 1925 ஜூன் 29 அன்று சான்டா பார்பரா கடற்கரை நகரம் நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியரான வில்லிஸ், அடுத்த அடி தென் கலிபோர்னியாவுக்கு விரைவில் விழும் என்று வெளிப்படையாகப் பேசினார். அவர் நம்பிய நில அளவைக் கணக்கு பிறகு திருத்தப்பட்டதால் பேச்சு வலுவிழந்தது. 1928இல் நிலவியலாளர் ராபர்ட் ஹில், லாஸ் ஏஞ்சலிஸ் கட்டட உரிமையாளர்கள், மேலாளர்கள் சங்கத்தின் ஆதரவோடு மறுப்பு நூல் ஒன்றை எழுதி, ஊருக்குப் பெரிய ஆபத்து இல்லை என்றார். இதற்கிடையில் 1927இல் வந்த முதல் ஒருமித்த கட்டட விதித்தொகுப்பில் நிலநடுக்க விதிகள் இருந்தன, ஆனால் பின்னிணைப்பாக. விரும்பும் ஊர் ஏற்கலாம், விரும்பாத ஊர் விட்டுவிடலாம். வில்லிஸின் கணக்கு பிழைபட்டதற்கும் செங்கல் சுவரின் பலவீனத்துக்கும் தொடர்பே இல்லை. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை அன்றைய பொது விவாதத்தில் இருக்கவில்லை.

1933க்குப் பிறகு லாங் பீச் பிள்ளைகள் கூடாரங்களில் படித்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் டான் ஃபீல்டு முன்மொழிந்த சட்டத்தை வாசித்தால், வரைபடத்தைவிடக் கட்டும் இடத்தின் மேல்தான் அதற்குக் கண் என்பது தெரியும். வரைபடத்தை மாநிலக் கட்டடப் பிரிவு சரிபார்க்க வேண்டும். வேலை நடக்கும்போது ஒரு மேற்பார்வையாளர் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். வரைபடத்தில் உள்ளபடியே கட்டப்பட்டது என்று கட்டடக் கலைஞர், பொறியாளர், மேற்பார்வையாளர், ஒப்பந்ததாரர் எல்லோரும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொய் எழுதினால் பொய்ச்சாட்சிக்கு உரிய தண்டனை. 1928இல் கலிபோர்னியாவின் செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்த பிறகு அடுத்த ஆண்டு அணைகளை மாநிலக் கண்காணிப்பில் கொண்டுவந்த சட்டத்தின் சாயலை இதில் காண்கிறேன்.

இது புதுக் கட்டடங்களுக்கு மட்டும். பழையவற்றைப் பரிசோதிக்கச் சொல்லும் கேரிசன் சட்டம் 1939இல் வந்தாலும், அவற்றை மூடவோ பலப்படுத்தவோ உண்மையில் கட்டாயப்படுத்தியவை 1967, 1968ஆம் ஆண்டுகளின் கிரீன் சட்டங்கள்தான். ஃபீல்டு சட்டப்படி கட்டிய பள்ளி எதுவும் இதுவரை நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்து பிள்ளைகளைக் கொல்லவில்லை. செயல்படும் பிளவின் மேலேயே கட்டடம் எழுப்பத் தடை வந்ததும் 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, 1972இல். டேபர் எழுதி 52 ஆண்டுகள் கழித்து!

இதோடு தேடலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2002இல் வந்த மாநிலக் கணக்கெடுப்பு, 1978க்கு முன் வடிவமைத்த மரமல்லாத பள்ளிக் கட்டடங்களில் 7,537ஐ மேலும் ஆராய வேண்டியவை என்று குறித்தது. 2011இல் கலிபோர்னியா வாட்ச் செய்தியாளர்கள் கோப்புகளைப் புரட்டியபோது, குறைந்தது 20,000 பள்ளிக் கட்டுமானப் பணிகள் இறுதிச் சான்றிதழ் இல்லாமலே கிடந்தன. சிலவற்றில் ஒரு கையெழுத்தோ கட்டணமோ மட்டும்தான் பாக்கி, சிலவற்றில் மேற்பார்வையாளர் சுட்டிக்காட்டிய குறையே திருத்தப்படாமல் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வகைக் கட்டடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒவ்வொரு பணிக்கும் மாநிலக் கட்டடப் பிரிவில் ஒரு விண்ணப்ப எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லிப் பெற்றோர் யாரும் தங்கள் பிள்ளையின் வகுப்பறைக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்கலாம்.