'திரு' என்னும் சொல்

திருக்கோயில், திருவிழா, திருநீறு, திருவடி என நாம் நாள்தோறும் மொழிகின்றோம். இவை அனைத்திற்கும் முன்நின்று தெய்வத்தன்மையை உணர்த்துவது 'திரு' என்னும் சொல். அதன் வரலாற்றை இவ்விழா நாளில் சிறிது சிந்திப்போம்.

பழந்தமிழ் நூல்களில் அச்சொல் செல்வம், அழகு, திருமகள் என்னும் பொருள்களில் வழங்கிற்று. கல்லாதவரிடம் சேர்ந்த செல்வத்தையும் வள்ளுவர் 'திரு' என்றே குறித்தார். திருக்கோவையாருக்கு உரைகண்ட பேராசிரியரோ நுட்பமானதொரு விளக்கம் தந்தார். காண்போர் உள்ளத்தைத் தன்பால் ஈர்க்கும் இயல்பே திரு என்பது அவர் கருத்து. எனவே, அது உடைமையைக் குறிப்பதோடு நில்லாது பண்பையும் குறிப்பதாயிற்று.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் ஊர்தோறும் சென்று பாடினர். பாடல் பெற்ற ஆரூரும் ஐயாறும் மறைக்காடும் திருவாரூர், திருவையாறு, திருமறைக்காடு என்றே நம் நாவில் நிலைத்தன. சோழர் கல்வெட்டுக்களிலோ விளக்கும் அமுதும் நீராட்டும் திருவிளக்கு, திருவமுது, திருமஞ்சனம் என வழங்குகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய இராசராசன் 48 பேரை அமர்த்தினான்.

ஆயினும் இச்சொல்லின் உயர்வை ஊர்ப்பெயரினும் அடியார் பெயரிலேயே நாம் தெளிவாகக் காண்கின்றோம். திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் போற்றிய அடியாருள் ஒருவர் திருநாளைப்போவார். அவர் வரலாற்றை விரித்துரைத்தவர் சேக்கிழார். ஆதனூர்ப் புலைப்பாடியில் தோன்றிய நந்தனார் கோயில்களுக்குத் தோலும் நரம்பும் அளித்து வந்தார். அவர் தந்த தோலால் முரசு உள்ளே முழங்கிற்று. அவர் தந்த நரம்பால் யாழ் உள்ளே இசைத்தது. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். 'நாளைத் தில்லைக்குப் போவேன்' என்று நாள்களைக் கழித்த ஏக்கமே அவருக்குப் பெயராயிற்று. செல்வத்தைக் குறித்த சொல், உள்ளே புகவும் உரிமையற்றிருந்த ஒருவர்க்கு அடைமொழியாயிற்று! இதனினும் சிறந்த பொருள் விளக்கம் அச்சொல்லுக்கு வேறுண்டோ?

ஆனால், சொல் தந்த சிறப்பை ஊர் தரவில்லை. மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் ஒடுக்கப்பட்ட மக்கள் அ. வைத்தியநாத ஐயருடன் சென்று வழிபட்டது 1939 சூலை 8ஆம் நாள். சுந்தரர் பாடி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றபின்னரே அது நிகழ்ந்தது. பெயரை நாவால் போற்றிக்கொண்டே பெயருக்குரியார் குலத்தவரை வாயிலில் நிறுத்தியது நம் வரலாறு. இதனை நாம் மறைத்தல் தகாது.

இன்று விழா அழைப்பிதழில் பொருள் மிகுதியாக ஈந்தார் பெயரைத் 'திரு' என்னும் அடைமொழியுடன் முதலில் பொறிக்கின்றோம். அது தவறன்று. ஆயின், தேரிழுத்துத் தோள் நொந்தவரையும், பந்தலுக்குக் கால் நட்டவரையும், விழா முடிந்தபின் வீதி கூட்டுபவரையும் அதே மதிப்புடன் அழைக்கின்றோமா? அவ்வாறு அழைக்கும் நாளிலேதான் 'திரு' தன் முழுப்பொருளை எய்தும்.

திருச்சிற்றம்பலம்.