பீப்பாய்க்குள் எவ்வளவு? கொள்ளளவுக் கணக்கின் வரலாறு

மரப் பீப்பாய் நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கியிருக்கும். வளைத்த பலகைகளை இரும்பு வளையங்களால் இறுக்கிச் செய்த இந்த வடிவம் கசிவைத் தடுத்தது. கனத்த சரக்கையும் ஓரிருவரே உருட்டிச் செல்ல உதவியது. ஆனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவதை இதே வடிவம்தான் கடினமாக்கியது. கையால் செய்த பீப்பாய்களில் எந்த இரண்டும் அச்சாக ஒன்றுபோல் அமைவதில்லை. விலையும் வரியும் கொள்ளளவைப் பொறுத்தே இருந்ததால், சரக்கை வெளியே ஊற்றாமல் பீப்பாயை அளப்பது ஐரோப்பாவில் தனித் தொழிலாக வளர்ந்தது.

ஆஸ்திரியாவில் இதற்கு ஒரு கோலே போதும் என்றிருந்தார்கள். பீப்பாயின் நடுவிலுள்ள துளை வழியே கோலைச் சாய்வாக நுழைத்து, முனைப் பலகையின் அடி விளிம்பைத் தொட வைப்பார்கள். துளையருகே கோலில் பொறித்திருக்கும் எண்ணே கொள்ளளவு. 1613இல் மறுமணம் செய்துகொண்ட வானியல் அறிஞர் ஜோகன்னஸ் கெப்ளர், லின்ஸ் நகரிலிருந்த தம் வீட்டுக்கு ஒயின் வாங்கினார். விற்றவர் எல்லாப் பீப்பாய்களையும் ஒரே கோலால், எந்தக் கணக்கும் போடாமல் அளந்தது அவருக்கு ஐயத்தை எழுப்பியது.

அந்த ஐயத்தை இன்றைய அளவுகளில் எளிதாகக் காட்டலாம். கணக்கின் வசதிக்காகப் பீப்பாயை நேர் உருளையாகக் கொள்வோம். விட்டம் 80 செ.மீ., நீளம் 120 செ.மீ. உள்ள பீப்பாயில் கோல் 100 செ.மீ. காட்டும், கொள்ளளவு 603 லிட்டர். விட்டம் 60 செ.மீ., நீளம் 160 செ.மீ. உள்ள பீப்பாயிலும் கோல் அதே 100 செ.மீ.தான் காட்டும், ஆனால் அதில் 452 லிட்டரே பிடிக்கும். ஒரே கோலளவுக்கு மிக அதிகமாகப் பிடிப்பது, நீளம் விட்டத்தைப் போல் √2 மடங்கு உள்ள உருளை என்று கெப்ளர் கண்டார். ஆஸ்திரியப் பீப்பாய்கள் ஏறத்தாழ இந்த விகிதத்தில் அமைந்திருந்தன. உச்ச அளவை ஒட்டிய இடத்தில் வடிவம் சற்று மாறினாலும் கொள்ளளவு பெரிதாக மாறுவதில்லை. கோல் அங்கே நம்பத் தக்கதாக இருந்ததற்கு அதுவே காரணம்.

இந்த ஆய்வை கெப்ளர் 1615இல் லின்ஸில் லத்தீன் நூலாக வெளியிட்டார். திண்மங்களை மெல்லிய துண்டுகளாகப் பகுத்துக் கூட்டும் அவரது முறை, பின்னாளில் நுண்கணிதம் வளர்ந்த பாதையில் ஒரு முக்கியப் படி. இன்றும் ஜெர்மன் மொழியில் அவர் பெயரால் வழங்கும் பீப்பாய் விதி இது: இரு முனைகளின் பரப்புகளோடு நடுப் பரப்பின் நான்கு மடங்கைக் கூட்டி, நீளத்தால் பெருக்கி, 6ஆல் வகுக்க வேண்டும். முனை விட்டம் 60, நடு விட்டம் 70, நீளம் 90 செ.மீ. எனில் விடை ஏறத்தாழ 316 லிட்டர்.

இங்கிலாந்தில் இக்கணக்கை வளர்த்தது கலால் வரி. 1683இல் கலால் அதிகாரி தாமஸ் எவரார்ட், பீப்பாய் அளப்பதற்கென்றே ஒரு நழுவு சட்டக் கணிப்பானை அறிமுகப்படுத்தினார். அளவுக்கு இணையான சிக்கல் அலகிலும் இருந்தது. ஏல் என்னும் பீர் வகையை அளந்த காலன் 282 கன அங்குலம். ஒயின் காலன் 231. பிரிட்டன் 1824இல் 10 பவுண்டு நீரின் கொள்ளளவான இம்பீரியல் காலனுக்கு மாறியது. அமெரிக்கா பழைய ஒயின் காலனையே வைத்துக்கொண்டது. முன்னது 4.546 லிட்டர், பின்னது 3.785 லிட்டர் என்ற வேறுபாடு இப்படி நிலைத்தது.

1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு, எண்ணெயைக் கிடைத்த பீப்பாய்களிலெல்லாம் நிரப்பினார்கள். 1866இல் அங்குள்ள உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு 40 காலனுக்கும் வாங்குபவருக்கு 2 காலன் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டார்கள். எண்ணெய் வணிகத்தின் பேரல் இதிலிருந்துதான் 42 காலன், அதாவது சுமார் 159 லிட்டர் ஆனது.

எஃகு டிரம் வந்ததும் கணக்கு எளிதானது. புரூக்ளினில் பத்திரிகையாளர் நெல்லி பிளை நடத்திய தொழிற்சாலையில் பணியாற்றிய ஹென்றி வேர்ஹான், 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய டிரம்மின் உள்விட்டம் சுமார் 57 செ.மீ., உள்ளுயரம் சுமார் 85 செ.மீ. ஆரத்தின் வர்க்கத்தை 3.1416ஆலும் உயரத்தாலும் பெருக்கினால் ஏறத்தாழ 217 லிட்டர் வரும். திரவம் விரிவடைய மேலே இடம் விடுவதால், குறிக்கப்படும் கொள்ளளவு 55 அமெரிக்க காலன், அதாவது 208 லிட்டர். பிரிட்டிஷ் வழக்கில் இதே டிரம்மை 44 காலன் என்பார்கள். அது 200 லிட்டர்.

நிமிர்ந்த டிரம்மில் திரவத்தின் உயரத்துக்கு நேர் விகிதத்தில் அளவு கூடும். படுத்த டிரம்மில் அப்படியில்லை: விட்டத்தில் கால் பங்கு உயரத்துக்குத் திரவம் நின்றால், உள்ளே இருப்பது 19.6 சதவீதமே. எண்ணெய் வெப்பத்தில் விரிவதால், அமெரிக்க வணிகத்தில் பேரல் கணக்கை 60 டிகிரி பாரன்ஹீட் வெப்பநிலைக்குத் திருத்தி எழுதுகிறார்கள். ஆகவே ஒரு டிரம்மின் சரக்கைச் சரியாகச் சொல்ல, அதன் வடிவமும் கிடக்கும் நிலையும் காலனின் வகையும் வெப்பநிலையும் ஒருசேரத் தெரிந்திருக்க வேண்டும்.