பீப் சைட்டுக்கு அடியில்

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் விற்று வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில், தலைமுறைகளாக உரிமத்தோடு இருந்துவரும் ரைஃபிள் அது. "சண்டையில வந்த மிலிட்டரி துப்பாக்கி தம்பி" என்றார் வீட்டுப் பெரியவர். முதல் பார்வைக்கு அப்படித்தான் தெரிந்தது. 1895 முதல் பிரிட்டிஷ் படை தூக்கித் திரிந்த லீ-என்ஃபீல்டின் போல்ட் அமைப்பு அதில் அப்படியே இருந்தது. பேரலின் மேலும் கீழும் இருந்த கட்டை மட்டும் குட்டை. போருக்குப் பிறகு யாரோ வெட்டிக் குறைத்திருப்பார்கள் என்பது வீட்டார் நம்பிக்கை.

என் கண்ணை உறுத்தியது இடது பக்கத்தில் பொருத்தியிருந்த பீப் சைட், அதாவது சிறு துளை வழியே குறிபார்க்கும் சைட். படைக்கென்று செய்த துப்பாக்கிகளிலும் அதே பக்கத்தில் ஒரு துளைச் சைட் உண்டு. 1907-இல் வந்த மார்க் 3 ரைஃபிளில், 2,000 கெஜத்துக்கு அப்பாலும் ஒரு படையே சேர்ந்து சுடுவதற்காக வைத்தது அது. முன்கட்டையில் ஒரு வட்டத் தகடு, பின்னால் துளையோடு ஒரு சிறு கை, இரண்டும் ஜோடி. பதுங்குகுழிச் சண்டையில் அதற்கு வேலை இல்லாமல் போக, 1916-இல் வந்த மார்க் 3 நட்சத்திர மாடலில் எடுத்துவிட்டார்கள். இங்கே இருப்பது அந்தக் கைதான் என்றால், ரைஃபிள் முதல் உலகப் போர்க் காலத்தது, வீட்டுக் கதையும் உண்மை.

ஆனால் முன்கட்டையில் தகடு இல்லை. தகடு இருந்து அடைத்த பள்ளமும் இல்லை. படையின் சைட் வெறும் துளையிட்ட இரும்புக் கை. இதிலோ உயரத்துக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று என்று திருகுகள், நுண்ணிய அளவுக் கோடுகள். தூசியைத் துடைத்ததும் பார்க்கர்-ஹேல் என்ற பெயர் தெரிந்தது. ஏ.ஜி. பார்க்கர் என்று தொடங்கிப் பின்னால் பெயர் மாறிய பர்மிங்காம் நிறுவனம். இலக்குப் பலகையில் சுடும் போட்டிக்காரர்களுக்கு சைட் செய்துகொடுத்துப் பேர் வாங்கியது. போர்க்களத்துக்கும் இந்த சைட்டுக்கும் சம்பந்தமில்லை.

கழற்றிப் பார்க்காமல் இனி நகர முடியாது. உரிமதாரரே கூட வர, லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையின் பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த சேட்டன் கருவியைத் தொடுவதற்கு முன்பே, "போட்டோ எடுத்தாச்சா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. திருகுகளின் தலையில் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தார். மறுநாள் ஸ்க்ரூடிரைவரின் முனையை அரத்தில் தேய்த்து, காடிக்கு இம்மியும் பிசகாமல் பொருந்தும்படி செய்துகொண்டார். முனை தளர்வாக இருந்தால் காடி சிதைந்துவிடும். அதன்பின் திருகு வராது, பழைய திருகுக்கு மாற்றும் கிடைக்காது. அசையாத ஒன்றின் தலையில் மட்டும் சூடான சால்டரிங் அயர்னைச் சற்று நேரம் வைத்தார். துருவின் பிடி விட்டது. கழன்ற ஒவ்வொரு திருகையும் ஓர் அட்டையில் அதனதன் இடத்தில் குத்தி வைத்தார்.

சைட்டின் அடித்தகடு விலகியது. சுற்றிலும் இரும்பு பழுத்துப் பழுப்பேறியிருக்க, அடியில் மட்டும் கருநீல மெருகு புத்தம் புதிதாக இருந்தது. அதன் நடுவே மூன்று ரைஃபிள்களைச் சாய்த்து நிறுத்திய முத்திரை. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற பி.எஸ்.ஏ. கம்பெனியின் அடையாளம். திருகுத் துளை ஒன்று அந்த மூன்றில் ஒரு ரைஃபிளின் நடுவே இறங்கியிருந்தது. தொழிற்சாலையில் தன் முத்திரையைத் தானே துளைப்பவர்கள் யார்? பீப் சைட் பிற்பாடு வந்தது.

அப்படியானால் முதல் சைட் எது? பேரல்மேல் இருந்ததை அதுவரை நான் சரியாகக் கவனிக்கவில்லை. நிலையான ஒரு வி-வெட்டு, அதன் முன்னால் மடங்கும் இலைகள், 200, 300 என்று எண்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய வெள்ளிக் கோடு. அந்தி வெளிச்சத்தில் காட்டு விலங்கைக் குறிபார்க்கிறவருக்கான வேட்டை சைட் இது. படை சைட்டிலோ எண்கள் 2,000 கெஜம் வரை ஏறும். பேரலின் அடியில் பர்மிங்காம் சோதனைச்சாலையின் கிரீட முத்திரைகள் இருந்தன. 1904-க்கும் 1954-க்கும் இடைப்பட்ட வகை. பக்கத்திலேயே .315.

அந்த எண்தான் வழக்கை முடித்தது. படையின் தோட்டா .303. அந்த அளவு ரைஃபிள் குடிமக்கள் கைக்குப் போனால் படைக் கிடங்கின் தோட்டாவும் பின்னாலேயே போகும் என்று இந்தியாவின் பிரிட்டிஷ் அரசு அஞ்சித் தடுத்து வைத்திருந்தது. பழைய படை ரைஃபிளான மார்ட்டினி-ஹென்றி காலத்து .450-க்கு 1907-ஐ ஒட்டி வந்த தடையும் அந்த அச்சத்தில் பிறந்ததுதான். அதைச் சுற்றிப்போகவே இங்கிலாந்துக் கம்பெனிகள் .470, .465 என்று புதிய அளவுகளைக் கண்டன. .303-க்கு மாற்றாக பி.எஸ்.ஏ. எடுத்துக்கொண்டது ஆஸ்திரியப் படையின் எட்டு மில்லிமீட்டர் தோட்டாவை. இந்தியச் சந்தையில் அதற்குப் பெயர் .315. ஆக இந்த ரைஃபிள் எந்தப் படையிலும் இருந்ததில்லை. படைத் துப்பாக்கியை வைத்துக்கொள்ள அனுமதியில்லாதவர்களுக்காகவே செய்தது.

காகிதச் சாட்சி பாக்கி இருந்தது. மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்தில் இருந்ததால், எர்ணாகுளம் வட்டார ஆவணக் காப்பகத்தில்தான் உரிமப் பதிவு இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். "அண்ணாச்சி, தாத்தா கடை எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று பேச்சுவாக்கில் கேட்டதற்கு, "கோட்டைப் பக்கம்" என்றார். கோட்டைப் பக்கம் என்றால் ஃபோர்ட் கொச்சி; அது அன்று சமஸ்தானத்திலேயே இல்லை. பிரிட்டிஷ் கொச்சி என்று சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. நடந்துபோகிற தூரத்தில் வேறு அரசு, வேறு கோப்பு. தேட வேண்டிய இடம் கோழிக்கோடு, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகங்கள். கிளம்பத் தேவையில்லாமல், பழைய பேரேடுகளின் கட்டிலேயே மலபார் மாவட்டத் தலைப்பிட்ட உரிமத் தாள் ஒன்று அகப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. அதில் பி.எஸ்.ஏ., .315 என்று மட்டும் எழுதியிருந்தது.

பீப் சைட்டை யார், எதற்காகப் போட்டார்கள் என்று அந்தத் தாள் சொல்லவில்லை. துளைகளை அடைத்து மெருகேற்றிவிடலாமா என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். கூடவே கூடாது என்றேன். முத்திரையில் விழுந்த அந்தத் துளை, எந்த சைட் முன்னது, எது பின்னது என்பதற்கு நம்மிடம் உள்ள ஒரே சாட்சி. சைட்டையும் திருகுகளையும் அட்டையோடு ஒரு டப்பாவில் போட்டு, கழற்றிய தேதியும் படங்களும் சேர்த்து, உரிமத் தாளின் நகலோடு பெரியவரிடம் ஒப்படைத்தேன்.